இரு யானைகளுக்கு நடுவே கெடா

ஜார்ஜ்டவுன் கடற்கரையில் கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், அந்த இடத்தில்தான் பிரான்சிஸ் லைட் ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். பினாங்குத் தீவு அன்று கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது. தம் தீவை ஒரு மன்னர் ஏன் அந்நியரிடம் ஒப்படைத்தார்? இதற்கு விடை காண வேண்டுமானால், அன்றைய கெடாவின் நிலையை நாம் அறிய வேண்டும்.

பழந்தமிழர் கடாரம் என்று அழைத்த கெடா, வணிகத்தால் வளர்ந்த சிறிய நாடு. அதன் வடக்கே சயாம் என்னும் பேரரசு இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, பொன்னாலும் வெள்ளியாலும் செய்யப்பட்ட மரங்களைக் கெடா சயாமுக்கு அனுப்பி வந்தது. கெடா இதனை நட்பின் அடையாளமாகக் கருதியது. சயாமோ அடிபணிவின் அடையாளமாகக் கருதியது. அக்காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் கடும் போர் நடந்தது. பர்மியப் படையெடுப்பை முறியடித்த சயாம், அடுத்துத் தெற்கே திரும்பிப் பட்டாணியை அடக்கியது. அடுத்த இலக்கு கெடாவாக இருக்கலாம் என்று சுல்தான் அப்துல்லா அஞ்சினார்.

அதே வேளையில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஒரு தேவை இருந்தது. வங்காள விரிகுடாவில் அது பிரெஞ்சுக் கடற்படையுடன் மோதி வந்தது. மலாக்காவோ டச்சுக்காரர் கையில் இருந்தது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல்களைப் பாதுகாப்பாக நிறுத்த முடியாது. ஆகவே, விரிகுடாவின் கிழக்கே ஒரு துறைமுகம் வேண்டும் என்று கம்பெனி எண்ணியது. சீனாவுக்குச் செல்லும் அதன் வணிகக் கப்பல்களுக்கும் அது பயன்படும்.

சுல்தானுக்குப் பாதுகாப்பு வேண்டும். கம்பெனிக்குத் தீவு வேண்டும். எதிரி படையெடுத்தால் கம்பெனி படை உதவி செய்ய வேண்டும் என்பதே சுல்தானின் முதன்மையான நிபந்தனை. உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையை லைட் அவருக்கு ஊட்டினார். ஆனால், கல்கத்தாவில் இருந்த கம்பெனி நிர்வாகம் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. சயாமுடன் போரில் சிக்கிக்கொள்ள அதற்கு விருப்பமில்லை.

ஏமாற்றமடைந்த சுல்தான், தீவை மீட்பதற்காகப் பிறையில் படை திரட்டினார். 1791இல் லைட்டின் படை முந்திக்கொண்டு தாக்கி, அப்படையைத் தோற்கடித்தது. பின்னர்க் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, கெடாவுக்கு ஆண்டுதோறும் 6,000 ஸ்பானிய டாலர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. படை உதவி பற்றி அதில் எந்த வாக்குறுதியும் இல்லை. 1800இல், இன்று செபராங் பிறை எனப்படும் கரையோரப் பகுதியும் கம்பெனியின் கைக்குச் சென்றது. தொகை 10,000 டாலராக உயர்ந்தது.

சுல்தான் அப்துல்லா அஞ்சியது 1821இல் நடந்தது. சயாம் கெடாவைத் தாக்கிக் கைப்பற்றியது. அப்போதைய சுல்தான் அகமட் தாஜூடின் பினாங்கிற்குத் தப்பி வந்தார். அவருக்குப் புகலிடம் கிடைத்தது. படை உதவி கிடைக்கவில்லை. 1826இல் ஆங்கிலேயரும் சயாமும் பேங்காக்கில் பர்னி உடன்படிக்கையைச் செய்துகொண்டபோது, கெடாவில் சயாமின் ஆட்சி ஏற்கப்பட்டது. சுல்தான் பினாங்கில் தங்கியிருக்கவும் கூடாது என்று முடிவாயிற்று. 1842இல்தான் அவர் மீண்டும் அரியணை ஏறினார்; அதுவும் சயாமின் மேலாண்மையை ஏற்ற பிறகே. 1909இல் மற்றோர் உடன்படிக்கையின் வழி, சயாம் கெடாவின் மீதிருந்த தன் உரிமையை ஆங்கிலேயருக்கு மாற்றிக் கொடுத்தது. அப்போதும் கெடாவின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

“யானையும் யானையும் போரிட்டால், நடுவில் சருகுமான் மாண்டுபோகும்” என்பது மலாய்ப் பழமொழி. கெடாவுக்கு நேர்ந்தது இன்னும் கசப்பானது. யானைகள் போரிட்டபோது மட்டுமன்று, அவை சமாதானம் பேசியபோதும் சருகுமானே விலை கொடுத்தது.

அப்படியானால், சுல்தான் அப்துல்லா அறியாமையால் தவறு செய்தாரா? இல்லை. தமக்கு முன் இருந்த வழிகளில் ஒன்றை அவர் ஆராய்ந்தே தேர்ந்தெடுத்தார். ஆனால், அந்த வழிகளை வகுத்தவர்கள் பிறர். தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தும், தேர்வுகள் சுருங்கிப்போவதே சிறிய நாட்டின் இடர்ப்பாடு.

இருப்பினும், சிறிய நாடு முற்றிலும் கையறு நிலையில் இல்லை. 1923இல் ஆங்கிலேயருடன் செய்த உடன்படிக்கையில், தன் ஒப்புதலின்றித் தன்னை வேறு மாநிலத்துடன் இணைக்கக்கூடாது என்பதைக் கெடா எழுத்தில் பெற்றது. விடுதலைக்குப் பின், மலேசியா அண்டை நாடுகளுடன் கைகோத்தது. 1967இல் ஆசியான் அமைப்பு தோன்றியது. தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் கொண்ட வட்டாரமாக விளங்க வேண்டும் என 1971இல் கோலாலம்பூரில் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று தென்சீனக் கடலில் வல்லரசுகளின் போட்டி தொடர்கிறது. ஒரே வல்லரசின் நிழலில் ஒதுங்காமல், அண்டை நாடுகளுடன் இணைந்து நிற்பதே கெடாவின் வரலாறு நமக்குக் காட்டும் வழியாகும்.

சிந்தித்து விடையளி

1. கெடா அனுப்பிய பொன் மரத்தைக் கெடாவும் சயாமும் எவ்வாறு வெவ்வேறாகக் கருதின?
2. சுல்தானின் நிபந்தனையைக் கம்பெனி ஏற்க மறுத்தது ஏன்?
3. ‘தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தும், தேர்வுகள் சுருங்கிப்போதல்’ என்பதனை உன் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.