கோபத்தின் அடியில் கிடக்கும் துக்கம்

கேள்வி: மாமனார் காலமான நாள் முதல் என் கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். உணர்ச்சியை மையமாகக் கொண்ட மன ஆலோசனை, வாய் திறக்காத ஆணுக்குப் பயன்படுமா?

பதில்: கனடா தேசத்தில் லெஸ்லி கிரீன்பெர்க், ஸூ ஜான்ஸன் முதலிய மனோதத்துவ அறிஞர்கள் 1980-களில் வகுத்த இம்முறைக்கு, மேலே தெரியும் உணர்ச்சி வேறு, அடியில் கிடக்கும் உணர்ச்சி வேறு என்பதே அஸ்திவாரமாதலால், தங்கள் கணவரின் கோபம் துக்கத்தின் வாயிலில் நிற்கும் காவற்காரனாகவும் இருக்கக்கூடும். ஆண்பிள்ளை அழலாகாது என்று பால்யம் முதல் கேட்டு வளர்ந்தவரிடம், மனம் என்ன உணர்கிறது என்று எடுத்த எடுப்பில் வினவினால், "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்; அது பொய்யுமன்று. தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் தெரியாத நிலையின் லேசான சாயல், பழைய சம்பிரதாயப்படி வளர்ந்த ஆண்களிடம் சகஜம் என்பது அமெரிக்க அறிஞர் ரொனால்ட் லெவன்டின் அபிப்பிராயம்.

ஆகவே கைதேர்ந்த ஆலோசகர் சரீரத்திலிருந்து தொடங்குகிறார்: தந்தையின் பேச்சை எடுத்ததும் தொண்டை அடைக்கிறதா, மார்பு கனக்கிறதா என்று விசாரித்து, அந்தக் கனத்துக்கு அவரே ஒரு வார்த்தை கண்டுபிடிக்கும் வரை பொறுமையோடு காத்திருக்கிறார். நம்பிக்கை வேரூன்றிய பிறகு, எதிரே ஒரு வெற்று நாற்காலியைப் போட்டு, அதில் தகப்பனார் அமர்ந்திருப்பதாகப் பாவித்து, சொல்லாமல் விட்டதைச் சொல்லச் செய்வதும் உண்டு. (முதலில் படித்தபோது நாடகமென்று நகைத்தவர்களில் நானும் ஒருவன்.)

தாங்கள் கட்டாயப்படுத்த வேண்டாம். மாமனார் எதை விரும்பிச் சாப்பிடுவார் என்று சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள்.