தொலைபேசி வழியாக ஞாபகசக்தியைச் சோதித்தல்
(குடும்பங்களுக்கும் சபைகளுக்கும் ஒரு பாடம்)



வயது சென்றவர்களின் மறதியைக் குறித்துப் பல கேள்விகள் எங்களிடம் வருகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்வோம்: "அம்மாவை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகமுடியாது. போனிலேயே கேட்டு, இது மறதி நோயா என்று சொல்ல முடியாதா?"

இது நியாயமான கேள்வி. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புறப்பட்டால் பத்து கிலோமீட்டர் குறையும், அவ்வளவுதான். பஸ்ஸில் அலைந்து, வரிசையில் காத்திருந்து, பழகாத அறையில் பழகாத மனிதர் முன்னால் உட்காரும் ஒரு பெரியவர், வீட்டில் தெளிவாகச் சொல்லும் பதிலைக்கூடச் சொல்லமாட்டார். ஆகவே சோதனை அவர் இருக்குமிடத்துக்கு வருவது நல்லதே. ஆனால் அது எப்படி வரவேண்டும் என்பதுதான் இந்தப் பாடம்.

1. எதைச் சோதிக்கிறார்கள்?

அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் கெடுவது புதிய செய்தியைப் பதித்துவைக்கும் திறன். பழையவை நெடுநாள் நிற்கும். சிறுவயதில் கற்ற கீர்த்தனையை ஒருவர் அடி பிசகாமல் பாடலாம்; காலையில் யார் வந்தார்கள் என்பதோ மறந்துபோயிருக்கும். "பாட்டெல்லாம் நினைவிருக்கிறதே, அவருக்கு என்ன?" என்று வீட்டார் நோயைக் கவனியாமல் விடுவது இதனால்தான்.

எனவே சில சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்ல வைத்து, வேறு பேச்சுக்குப் பிறகு "முன்பு சொன்ன சொற்கள் என்ன?" என்று கேட்பார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்லமுடியும் என்றும் கேட்பார்கள். இவற்றுக்குக் காதும் வாயும் போதும், பேனா வேண்டியதில்லை. கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளிக்குப் படம் வரையச் சொல்லும் சோதனை பாரமாகும். பேச்சுச் சோதனையில் அந்தப் பாரம் இல்லை. ஆனால் அவருடைய குரல் தாழ்ந்திருக்கலாம் என்பதைப் போனில் கேட்பவர் மனதில் வைக்கவேண்டும்.

2. இந்த முறை எப்படி வந்தது?

1975-ல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன் முதலிய மருத்துவர்கள் 30 மதிப்பெண்கள் கொண்ட ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். இன்றும் உலகமெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் எழுதவும் வாசிக்கவும் வரையவும் வேண்டும். 1988-ல் ஜேசன் பிராண்ட் என்பவர் ஃபோல்ஸ்டீனும் இன்னொருவரும் உடனிருக்க, தொலைபேசிக்கென்றே ஒரு சோதனையை அமைத்தார். காகிதமும் படமும் போய், பத்துச் சொற்களின் பட்டியலும், பின்னோக்கி எண்ணுவதும், போன்மீது விரலால் தட்டுவதும் வந்தன.

இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாளில், தொலைமருத்துவத்துக்கான அரசு நெறிமுறைகள் வெளியாயின. அதன்பின் போனிலும் வீடியோவிலும் மருத்துவரைக் காண்பது சிற்றூர்களிலும் பழகிவிட்டது.

3. கேள்வி அவருடைய வாழ்க்கைக்கு உரியதா?

அந்த அமெரிக்கத் தொலைபேசிச் சோதனையில் பாலைவனத்து முட்செடியின் பெயரைக் கேட்பார்கள். கள்ளியை வேலியோரம் தினமும் பார்த்து வளர்ந்த நம் பாட்டிக்குப் பாலைவனம் என்றால் என்ன தெரியும்? பதில் வராதது மூளையின் குறைவு அல்ல, கேள்வியின் குறைவு.

இதை நம் நாட்டில் சிலர் முன்பே கண்டார்கள். ஹரியானாவிலுள்ள பல்லப்கட் கிராமங்களில் பள்ளி செல்லாத முதியோருக்காக மேரி கங்குலி முதலியோர் ஃபோல்ஸ்டீன் சோதனையைத் திருத்தி 1995-ல் வெளியிட்டார்கள். "கண்களை மூடு" என்று எழுதியதை வாசிக்கச் சொல்லாமல், "என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்" என்றார்கள். வாக்கியம் எழுதச் சொல்லாமல், வீட்டைப்பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். "என்ன மாதம்?" என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவர் "ஆடி, தேர் இழுக்கும் மாதம்" என்பார். அது சரியான பதில். ஜூலை என்றோ ஆகஸ்ட் என்றோ சொல்லவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தால் தவறு நம்முடையது. பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்தவருக்கு ஷிப்டு நேரம் தெரியும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது அவர் செய்த வேலையல்ல.

4. அளவுகோல் மாறினால் கணக்கும் மாறும்

1998-ல் கொச்சியில் கூடிய அல்சைமர் மாநாட்டையொட்டி '10/66' என்ற ஆய்வுக்குழு உருவானது. உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியதல்ல என்பதே அந்தப் பெயரின் பொருள். இக்குழு சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் தமிழில் ஆய்வு செய்தது. 2008-ல் வெளியான முடிவில், வழக்கமான அமெரிக்க அளவுகோலின்படி இந்தியக் கிராமத்தில் நூறு முதியோரில் ஒருவருக்குக்கூட நோய் இல்லை. 10/66 முறைப்படி அது பல மடங்கு அதிகம். கிராமமும் மனிதரும் அதேதான்.

காரணம் என்ன? நம் வீடுகளில் சமையலையும் கடைக்குப் போவதையும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொள்வதால், பெரியவருடைய தடுமாற்றம் வெளியே தெரிவதில்லை. தெரிந்தாலும் "வயசானா அப்படித்தான்" என்கிறோம். ஆகவேதான் 10/66 முறையில் பெரியவரிடம் ஒரு பேட்டியும், அவரை நன்கறிந்த ஒருவரிடம் வேறொரு பேட்டியும் உண்டு. முன்பு செய்த எதை இப்போது விட்டுவிட்டார்? வழி தவறினாரா? பணம் எண்ணுவதில் குழம்புகிறாரா? இந்த இரண்டாம் பேட்டியைப் போனில் நன்றாகவே நடத்தலாம். பெரியவர் காதில் விழாத இடத்திலிருந்து பேசுங்கள். அவருடைய குறைகளை அவர் முன்னாலேயே அடுக்குவது தாய் தகப்பனைக் கனம்பண்ணுவதாகாது.

5. பக்கத்தில் இருப்பவரின் கடமை

சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் மனநோயாளிகளுக்காக ஒரு பஸ்ஸிலேயே தொலைமருத்துவத்தைத் தொடங்கியது. மருத்துவர் சென்னையில் இருப்பார். ஊழியர் பஸ்ஸில் நோயாளியின் பக்கத்தில் இருப்பார். திரையின் இந்தப் பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் அந்தப் பக்கத்து மருத்துவரால் வேலை செய்யமுடியும். உங்கள் வீட்டில் சோதனை நடந்தால் அந்த ஒருவர் நீங்களே. கவனிக்கவேண்டியவை:

• கண்ணாடி, காது கருவி, பல்செட் இவற்றைப் போட்டுவிடுங்கள். காது கேளாமை பலமுறை மறதியாகத் தோன்றும்.
• தினசரி காலண்டர் தெரியாத இடத்தில் உட்காரவையுங்கள்.
• டி.வி.யை நிறுத்துங்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டபின் உள்ள நேரமே நல்லது.
• பதிலை மெல்லச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அன்பினால்தான் சொல்கிறோம், ஆனால் அந்த அன்பு நோயை மறைத்துவிடும்.
• தவறினால் சிரிக்கவோ கடிந்துகொள்ளவோ வேண்டாம்.

6. மதிப்பெண் தீர்ப்பு அல்ல

போனில் குறைந்த மதிப்பெண் வந்தால், "மேலும் பார்க்கவேண்டும்" என்பதே அதன் பொருள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், தலையில் அடிபட்டு மெல்லச் சேரும் இரத்தக்கட்டு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்தப் பரிசோதனையையும், நடையையும் நரம்புகளையும் பார்க்கும் பரிசோதனையையும் போனில் செய்யமுடியாது. ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் குழப்பம் வந்தால் போன் சோதனைக்குக் காத்திராமல் உடனே அழைத்துவாருங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ பக்கவாதமோ காரணமாயிருக்கலாம்.

இன்னொன்று. போனில் சொன்ன ஒரு எண்ணை வைத்து, "இவருக்குப் புத்தி இல்லை" என்று சொத்துப் பத்திரத்திலோ பென்ஷன் விஷயத்திலோ முடிவெடுக்க எவருக்கும் உரிமையில்லை.

2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. நம் சபைகளிலும் இருக்கிறார்கள். போன் முதல் படி. அது மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் படியாக இருக்கவேண்டும்.

சிந்தனைக்கு (ஐக்கிய சங்கக் கூட்டங்களில் பேசலாம்)

அ. ஆறு மாதமாக ஆலயத்துக்கு வராத முதியோர் யார்? ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டோமா?
ஆ. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்குப் போய், சோதனை நேரத்தில் பக்கத்தில் உட்காரக்கூடிய இருவரைச் சபையிலிருந்து அனுப்பமுடியுமா?
இ. இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ வாரத்தில் ஒரு மத்தியான நேரம் ஓய்வு கொடுக்க யார் முன்வருவீர்கள்?