பனி நாட்டில் வெந்நீர்

ஜப்பான் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன செர்ரி மலர்களும், அதிவேக இரயிலும், ஹிரோஷிமாவின் துயரமும்தாம். அந்நாட்டின் மேற்குக் கரையோரத்தில், ஆண்டில் நான்கு மாதம் பனிக்குள் புதைந்து கிடக்கும் பெரும் நிலப்பரப்பு ஒன்று உண்டு என்பதை நாம் அதிகம் அறிவதில்லை. ஜப்பானியர் அதனை 'யுகிகுனி' என்பர். பனிநாடு என்பது அதன் பொருள். குளிர்காலம் வந்துவிட்டால் டோக்கியோ நகரத்தார் அங்கு விடுமுறைக்குப் புறப்படுகின்றனர். பகலில் மலைச்சரிவில் பனிச்சறுக்கு. மாலையில் வெந்நீர் ஊற்றில் நீராடல். இரவில் விடுதியில் சூடான உணவு. பயண நூல்கள் இதனை இயற்கை வழங்கிய இரட்டைக் கொடை என்று வருணிக்கின்றன. அது பாதி உண்மையே என்பது என் கருத்து. பனியும் வெந்நீரும் இயற்கை தந்தவைதாம்; ஆயினும் ஒன்று அம்மக்களுக்கு நெடுங்காலம் துன்பமாகவும், மற்றொன்று ஆபத்தின் அண்டை வீடாகவும் இருந்து வந்துள்ளன. அவற்றை விடுமுறையாக மாற்றியது மனித உழைப்பு. அந்த உழைப்பின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

பனி பிறக்கும் விதம்

நம் மொழியில் 'பனி' என்னும் ஒரே சொல் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையும் குறிக்கும். இமயத்தை மூடியிருக்கும் வெண்மையையும் குறிக்கும். இங்கே பேசப்படுவது இரண்டாவது பனி.

வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலில் நீர் முகந்து நமக்கு மழையாகத் தருவதைப் படித்தவர்களுக்கு ஜப்பானின் பனி புரியக் கடினமன்று. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கடுங்குளிர் கொண்ட வறண்ட காற்று தென்கிழக்கு நோக்கி வீசுகிறது. வழியில் குறுக்கிடுவது ஜப்பான் கடல். அக்கடலுள் தெற்கிலிருந்து சுஷிமா என்னும் வெப்ப நீரோட்டம் புகுவதால் அதன் மேற்பரப்பு குளிர்காலத்திலும் காற்றைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும். வறண்டு வந்த காற்று அங்கே ஈரத்தை அள்ளிக்கொண்டு, ஹொன்ஷூ தீவின் நடுவே முதுகெலும்புபோல் நிற்கும் மலைத்தொடரில் முட்டி மேலெழும்பி, சுமந்து வந்த அனைத்தையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலைக்கு அப்பால், டோக்கியோ இருக்கும் பக்கத்தில், அதே நாளில் வானம் தெளிந்து வெயில் அடிக்கும்! நீகாத்தா மாநிலத்தின் யுசாவா என்னும் புகழ்பெற்ற பனியூர் ரோம் நகரைவிடத் தெற்கே அமைந்தது என்பதை நிலப்படத்தில் பார்த்தால், இந்தக் கடலும் மலையும் செய்யும் வேலை எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

1927ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் இபுகி மலையில் அளக்கப்பட்ட பனியின் ஆழம் 11.82 மீட்டர். அது மலையுச்சி, மனிதர் வாழும் ஊர் அன்று என்று சிலர் கூறலாம். தகதா என்னும் நகரத்திலோ 1945 பிப்ரவரியில் 3.77 மீட்டர் பனி நின்றது. அந்நகரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. ஊரைத் தேடி வந்த தூதன் எங்கும் வெண்மையே கண்டு திகைத்து நிற்க, 'இதற்குக் கீழே தகதா இருக்கிறது' என்று எழுதி நட்டிருந்த பலகை ஒன்றைக் கண்டானாம். கதையின் உண்மை எவ்வாறாயினும், அவ்வூர்த் தெருக்களைப் பார்த்தவர்கள் அதனை நம்பத் தயங்கமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வாசல் கூரையைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டி, அடுத்த வீட்டுக் கூரையோடு இணைத்துள்ளனர். தெரு முழுவதும் பனியில் மூழ்கினாலும் அக்கூரைகளின் கீழே மக்கள் நடந்து போகலாம். இதற்குக் 'கங்கி' என்று பெயர். நிலம் அவரவர்க்குச் சொந்தம். நடைபாதை ஊருக்குப் பொது. திண்ணை வைத்து வீடு கட்டிய நம் முன்னோருக்கு இந்த மனப்பான்மை அந்நியமாகத் தோன்றியிராது.

இப்பனிநாட்டின் வாழ்வை முதன்முதல் விரிவாக எழுதி வெளியுலகுக்கு அறிவித்தவர் சுசுகி பொகுஷி என்னும் துணி வணிகர். அவர் யுசாவாவுக்கு அண்மையில் உள்ள ஷியோசாவாவைச் சேர்ந்தவர். பல பத்தாண்டுகள் முயன்று, 1837இல், முதுமைக் காலத்தில்தான் 'ஹொகுஎத்சு செப்பு' என்ற தம் நூலை அச்சில் காண அவரால் முடிந்தது. பனித்துகளின் வடிவங்கள், பனிச்சரிவில் மாண்டோர், பனியில் துணி வெளுக்கும் முறை என்று அதில் இல்லாதது இல்லை. வெப்பமான நாட்டார் சிறிது பனி விழக்கண்டு மது அருந்திக் கவி பாடி மகிழ்கின்றனர். ஆண்டுதோறும் அதன் அடியில் வாழ்வோருக்கு அதில் என்ன இன்பம் என்று அவர் கேட்கிறார். பனி விடுமுறையைப் பற்றி எழுதுவோர் யாவரும் முதலில் விடை கூற வேண்டிய வினா இதுவே என்று தோன்றுகிறது.

படைவீரரின் சறுக்குக்கட்டை

பொகுஷி கேட்ட வினாவுக்கு ஒரு விடை, விந்தையாக, இராணுவத்தின் வழியே வந்தது. 1902 ஜனவரியில் வடக்கே ஹக்கோதா மலையில் பயிற்சிக்குச் சென்ற 210 படைவீரர்களுள் 199 பேர் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்தனர். பனியில் எவ்வாறு நடமாடுவது என்ற கேள்வி அதன்பின் படைத்தலைமைக்கு உயிர்ப் பிரச்சினையாயிற்று. இரஷ்யாவை வென்ற ஜப்பானியப் படையை ஆராய்வதற்காக 1910இல் அங்கு வந்து சேர்ந்தவர் தியோடர் பொன் லெர்ஹ் என்னும் ஆஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரி. அவர் பனிச்சறுக்கில் வல்லவர். 1911 ஜனவரி 12ஆம் நாள் தகதாவின் கனயா குன்றில், நீண்ட ஒற்றைக் கோலை ஊன்றிச் சறுக்கும் முறையை அவர் வீரர்களுக்குக் கற்பித்தார். அந்த நாளே இன்றும் ஜப்பானில் பனிச்சறுக்கு நாளாகக் கருதப்படுகிறது. பாடம் படையோடு நிற்கவில்லை, ஊர்மக்களும் கற்றனர். அடுத்த ஊருக்குப் போவதே அரிதாயிருந்த மாதங்களில் கால்கள் விடுதலை பெற்றன என்றே சொல்லலாம். விளையாட்டு என்பது பிறகு வந்தது.

அதனினும் பெரிய மாற்றத்தைச் செய்தது இரயில்வே. 1931இல் மலையைக் குடைந்து 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஷிமிசு சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. டோக்கியோவிலிருந்து மறுபக்கத்துப் பனிநாட்டுக்கு நேர்வழி உண்டாயிற்று. 1968இல் நோபல் பரிசு பெற்ற யசுநாரி கவாபாட்டா, 1934 முதல் யுசாவாவின் விடுதியொன்றில் தங்கித் தம் 'பனிநாடு' புதினத்தை எழுதத் தொடங்கியது இச்சுரங்கம் இருந்ததனால்தான். 1982இல் ஜோஎத்சு அதிவேக இரயில் வந்தது. 1990 டிசம்பரில் காலா யுசாவா என்ற நிலையம் சறுக்கு மைதானத்தோடு ஒட்டியே கட்டப்பட்டது. டோக்கியோவில் காலை உணவு முடித்துப் புறப்பட்டவர் ஒன்றரை மணி நேரத்தில் பனியில் நிற்கலாம். இதற்கிடையே 1972இல் சப்போரோவில் ஆசியாவின் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றதும், அதன் தாண்டல் போட்டியொன்றில் மூன்று பதக்கங்களையும் ஜப்பானியரே வென்றதும் அந்நாட்டு இளைஞரைப் பனிமேட்டுக்கு இழுத்தன.

மண்ணுக்கடியில் எரியும் அடுப்பு

வெந்நீர் ஊற்றை ஜப்பானியர் 'ஒன்சென்' என்பர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தோன்றும் இடத்தில் 25 பாகைக்குக் குறையாத வெப்பமோ, பட்டியலில் உள்ள 19 பொருள்களுள் ஏதேனும் ஒன்று குறிப்பிட்ட அளவிலோ இருந்தால்தான் ஒரு நீருக்கு அப்பெயர் பொருந்தும். நாடெங்கும் இத்தகைய ஊற்றுவாய்கள் ஏறத்தாழ 27,000 உள்ளன. இதன் காரணம் தேடத் தொலைவு போக வேண்டியதில்லை; ஜப்பானில் உயிருள்ள எரிமலைகள் 111. மழையும் உருகிய பனியும் பாறை இடுக்குகளில் இறங்கி, அடியில் உள்ள வெப்பத்தால் காய்ந்து, கனிமங்களைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலே வருகின்றன. எல்லா ஊற்றுகளும் எரிமலையால் வருபவை அல்ல. ஆழத்துளையிட்டு எடுத்தவையும் பல. ஆயினும் புகழ்பெற்ற மலையூர்கள் பெரும்பாலும் எரிமலையின் மடியில் இருப்பவையே.

அவற்றுள் குசாத்சு தலையாயது. அவ்வூரில் மொத்தமாக நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கும் மேலாகத் தானே பொங்கி வரும் நீர், எலுமிச்சைச் சாற்றை ஒத்த புளிப்புடையது. டோக்கியோவில் மருத்துவம் கற்பிக்க 1876இல் வந்த ஜெர்மானியர் எர்வின் பெல்ஸ் இந்நீரின் பயனை உலகறியச் செய்தார். நீர் 50 பாகையையும் கடந்த சூடு. தண்ணீர் கலந்து ஆற்றினால் அதன் தன்மை கெடும் என்பதால், நீண்ட பலகைகளால் கிளறிக் கிளறி ஆற்றுவது அவ்வூர் வழக்கம். பெண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே கிளறுவதைக் காண இன்று மக்கள் கட்டணம் செலுத்திச் செல்கின்றனர். அதே நீர் ஆற்றில் கலந்தபோது மீன் வாழவில்லை. பாலத்தின் சிமெண்டும் அரிக்கப்பட்டது. ஆகவே 1964 முதல் இரவு பகல் ஓயாமல் ஆற்றில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றப்பட்டு வருகிறது. குளிப்பவர் கண்ணுக்கு இது தெரிவதில்லை.

அடுப்பின் மேல் குடியிருப்பதன் பொருள் 2018 ஜனவரி 23இல் வெளிப்பட்டது. குசாத்சுவின் மோத்தோ-ஷிரானே மலை முன்னறிவிப்பின்றி வெடித்தது. சறுக்கு மைதானத்தின் மேல் கற்கள் மழைபோல் விழுந்தன. அங்கே பனிச்சறுக்குப் பயிற்சியில் இருந்த படைவீரர் ஒருவர் மாண்டார். வேறு பலர் காயமுற்றனர். வெந்நீர் தரும் மலையும் சறுக்கத் தரும் மலையும் ஒன்றே என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

நீராடும் முறை பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளங்கள். ஆடை ஏதும் அணியாமல்தான் இறங்க வேண்டும் என்பது நமக்குக் கூச்சத்தைத் தரலாம். குளத்தில் இறங்குமுன் அருகே சிறு முக்காலியில் அமர்ந்து சோப்பிட்டு உடலைத் தூய்மையாகக் கழுவிக்கொள்ள வேண்டும். குளம் அழுக்குப் போக்க அன்று. உடல் சூடேற்றி அமைதியாக அமர்ந்திருக்கவே. திறந்தவெளிக் குளத்தில் கழுத்தளவு வெந்நீரில் இருக்கையில் தலைமேல் பனி விழுமாம்! நாகானோ மாநிலத்து ஜிகோகுதானியில் குரங்குகளும் இவ்வின்பத்தைக் கற்றுக்கொண்டன. அவற்றுக்கெனத் தனிக்குளமே உண்டு.

கூட்டம் வந்ததும் போனதும்

முற்காலத்தில் பனிநாட்டு உழவர் அறுவடை முடிந்ததும் குடும்பத்தை விட்டுப் பிரிந்து, டோக்கியோ முதலிய நகரங்களில் கூலி வேலை செய்துவிட்டு வசந்தத்தில் திரும்புவர். பனிச்சறுக்கு பரவியபின் அவர்களுள் பலர் வீட்டிலேயே இருந்து, தம் வீட்டு அறைகளை விருந்தினருக்கு விட்டனர்; கம்பிவடத் தொங்கு நாற்காலிகளை இயக்கும் வேலையும் ஊரிலேயே கிடைத்தது. தந்தை குளிர்காலத்தில் வீட்டில் இருப்பது என்பது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய செய்தி! பொருளாதார நூல்கள் இதனைக் கணக்கிடுவதில்லை.

1987இல் அரசு ஓய்வூர்களை வளர்ப்பதற்கென்று சட்டம் இயற்றியது. பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. யுசாவாவில் மாடி மாடியாக விடுமுறை வீடுகள் எழுந்தன. 1990களின் முற்பகுதியில் பனிச்சறுக்காளர் தொகை ஒரு கோடியே எண்பது இலட்சத்தை எட்டியது. பின்னர் பொருளாதாரம் சரிந்தது. இளைஞர் தொகையும் குறைந்தது. 2020களில் சறுக்குவோர் அந்த உச்சத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மாடி வீடுகளுள் பல, வாங்கிய விலையின் சிறு துளிக்கே கைமாறின. வெளிநாட்டார் வருகையால் ஹொக்கைடோவின் நிசேகோ போன்ற சில இடங்கள் செழித்துள்ளன. செழிக்காதவை மூடிக் கிடக்கின்றன.

பனியோ யாரையும் கேட்டு விழுவதில்லை. கூரைமேல் சேரும் பனியை அவ்வப்போது வாரித் தள்ளாவிட்டால் வீடு நொறுங்கும். பிள்ளைகள் நகரம் சென்றுவிட்ட வீடுகளில் முதியோரே ஏணி வைத்து ஏறுகின்றனர். 2005-06 குளிர்காலத்தில் மட்டும் பனியால் மாண்டவர் 152 பேர். பெரும்பாலோர் முதியவர், அவர்களுள் பலர் பனி அகற்றும்போதே இறந்தவர்கள். நாகஓகா நகரில் 1960களில் சாலை நடுவே குழாய் பதித்து நிலத்தடி நீரைத் தெளித்துப் பனியைக் கரைக்கும் முறை தோன்றிப் பல ஊர்களுக்கும் பரவிற்று. நல்ல முறைதான், ஆனால் நீரை அளவின்றி இறைத்ததால் சில இடங்களில் நிலமே தாழ்ந்துவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவே நான் படித்தவற்றுள் என் மனத்தைக் கவர்ந்த ஊர் நாகானோ மாநிலத்து நொசாவா ஒன்சென். சுமார் மூவாயிரத்து ஐந்நூறு பேர் வாழும் கிராமம். 1923இல் ஊரார் தாமே பனிச்சறுக்குச் சங்கம் அமைத்தனர். 1998 நாகானோ ஒலிம்பிக்கின் ஒரு போட்டியும் அங்கே நடந்தது. ஊருக்குள் பதின்மூன்று பொதுக்குளியல் கூடங்கள் உள்ளன. அவை விடுதிகளுக்கோ நிறுவனங்களுக்கோ உரியவை அல்ல. அந்தந்தத் தெருவார் 'யு-நகாமா', அதாவது வெந்நீர்த் தோழர், என்னும் கூட்டமாகச் சேர்ந்து முறைவைத்துக் கழுவுகின்றனர். விளக்குச் செலவையும் பகிர்ந்துகொள்கின்றனர். ஊர் மேட்டில் 'ஓகாமா' என்னும் ஊற்றில் நீர் ஏறக்குறைய 90 பாகையில் கொதிக்கிறது. அது ஊராரின் சமையலறை. கீரையும் கிழங்கும் முட்டையும் அங்கே வேகின்றன. பிறர் உள்ளே செல்லக் கூடாது. இலையுதிர் காலத்தின் முடிவில் ஊறுகாய்க்கான நொசாவானாக் கீரையைக் கழுவுவதும் ஊற்று நீரில்தான்.

பதின்மூன்று கூடங்களிலும் வெளியூரார் கட்டணமின்றி நீராடலாம். வாசலில் ஒரு காணிக்கைப் பெட்டி இருக்கும், விரும்பியதை இடலாம். நீர் பொறுக்க முடியாத சூடாக இருந்தால் குளிர்நீர்க் குழாயைத் திறந்து கலந்துகொள்ளவும் செய்யலாம். ஆனால் உள்ளே ஊர்ப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருப்பாரேயானால், அவரைக் கேட்டுவிட்டுத் திறப்பது முறை. நாளைக் காலை அக்குளத்தைத் தேய்த்துக் கழுவும் முறை அவர் வீட்டினுடையதாகவும் இருக்கலாம்.