ரைபோசோம் பிழை பார்ப்பது எப்படி?

குறிஞ்சிப்பாடிப் பக்கம் கைலி நெய்யும் தறிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். கட்டம் போட்ட கைலியில் எத்தனை இழை நீலம், எத்தனை இழை வெள்ளை, அடுத்து எத்தனை இழை சிவப்பு என்பது முன்பே தீர்மானமானது. நெசவாளர் அந்தக் கணக்கின்படி நாடாவை மாற்றி மாற்றி ஓட்டுகிறார். ஓரிடத்தில் நிறம் தவறினால் துணியை விரித்ததும் கண்ணில் பட்டுவிடும்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இதைப் போன்ற நெசவு ஓயாமல் நடக்கிறது. அங்கே 20 வகை அமினோ அமிலங்களே நூல். நெய்யப்படும் துணி புரதம். தறியின் பெயர் ரைபோசோம். நெசவுக் கணக்கு டி.என்.ஏ.யில் இருக்கிறது, அதன் நகலைத் தூது ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட இழை தறிக்குக் கொண்டு வருகிறது. அந்த நகலில் மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்க வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு மூவெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலத்தைத் தூக்கி வருவது கடத்து ஆர்.என்.ஏ. என்ற சிறிய மூலக்கூறு. அதன் ஒரு முனையில் அமினோ அமிலம். மறு முனையில், தூதின் மூவெழுத்தோடு பொருந்தக்கூடிய எதிர் மூவெழுத்து.

ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம் வினாடிக்கு 20 அமினோ அமிலங்கள் வரை கோத்துவிடுகிறது. இந்த வேகத்திலும் சில ஆயிரம் கோப்புகளுக்கு ஒன்றுதான் தவறுகிறது! ஓர் அமினோ அமிலம் தவறினால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கிறீர்களா? இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் 146 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி உண்டு. அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலைன் இருந்தால் அரிவாள் செல் சோகை என்னும் கடும் நோய் வருகிறது. (அங்கே தறி தவறு செய்வதில்லை, கணக்கிலேயே பிழை. ஆயினும் ஓர் இழையின் மதிப்பு உங்களுக்கு விளங்கும்.)

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தறியின் முன் நெசவாளர் இருக்கிறார். நிறத்தைப் பார்த்து எடுக்கிறார். ரைபோசோமில் பார்ப்பது யார்? சரியான மூவெழுத்துகள் இறுக்கமாகவும் தவறானவை தளர்வாகவும் ஒட்டும் என்பது உண்மையே. ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. இவ்வளவு துல்லியத்துக்கு அது மட்டும் போதாது. 1974இல் ஜான் ஹாப்ஃபீல்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர், செல் ஆற்றலைச் செலவிட்டு இரண்டு தடவை சரிபார்க்கிறது என்று ஒரு விளக்கம் தந்தார். நல்ல விளக்கம்தான். என்றாலும் எந்த உறுப்பு, எதைத் தொட்டுப் பார்க்கிறது என்பது தெரியவில்லை. அதைக் கண்டு சொன்னவர்களில் முதன்மையானவர் நம் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் பிறந்தவர்.

இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு

வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1952இல் பிறந்தார். தந்தை சி. வி. இராமகிருஷ்ணன் உயிர்வேதியியலாளர். தாய் இராஜலட்சுமி உளவியலில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். மகனுக்கு மூன்று வயதானபோது குடும்பம் குஜராத்தின் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1971இல் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்ற வெங்கட்ராமன், அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் 1976இல் அதே பாடத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

இதன் பிறகு அவர் செய்த காரியம் பலருக்கு விசித்திரமாகத் தோன்றியிருக்கும். இயற்பியலில் தாம் செய்த ஆராய்ச்சி அவருக்கே ருசிக்கவில்லை. உயிரியலில்தான் புதுமைகள் குவிகின்றன என்று பத்திரிகைகளைப் படித்துக் கண்டுகொண்டார். டாக்டர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் உயிரியலை அடிப்படையிலிருந்து கற்றார். அப்போது ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் டொனால்ட் எங்கெல்மன், பீட்டர் மூர் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. நியூட்ரான் கற்றைகளைக் கொண்டு ரைபோசோமை ஆராய்வது பற்றியது அது. இயற்பியல் கற்றவனுக்கு இங்கே இடம் இருக்கிறது என்று எண்ணிக் கடிதம் எழுதினார். 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் மூரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். (அறிவியல் இதழ் படிப்பது வீண்வேலை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.)

யேலில் வேலை நன்றாகவே நடந்தது. ரைபோசோம் இரண்டு துண்டுகளால் ஆனது. சிறு துண்டு கணக்கைப் படிக்கிறது. பெருந்துண்டு அமினோ அமிலங்களைக் கோக்கிறது. பாக்டீரியாவின் சிறு துண்டுக்கு 30எஸ் என்று பெயர். அதில் சுமார் 1,540 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ.வும் 21 புரதங்களும் உண்டு. எந்தப் புரதம் எதற்கு அருகில் என்று இரண்டிரண்டாக அளந்து அளந்து போட்ட வரைபடம் 1987இல்தான் முழுமை பெற்றது. ஆனாலும் அது ஊர்களை மட்டும் புள்ளி வைத்துக் காட்டிய வரைபடம். தெருவோ வீடோ தெரியாது. யேலை விட்டுப் புறப்படும் சமயத்தில் அவர் ஏறக்குறைய 50 கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்தார். ஆசிரியர் வேலை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ், பிறகு புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் என்று போய், புரூக்ஹேவனில் 1983 முதல் 1995 வரை பணியாற்றினார்.

படிகமும் எக்ஸ் கதிரும்

ஒரு மூலக்கூறில் அணுக்கள் இருக்கும் இடத்தை அறிய, அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்துவார்கள். உப்பைப் படிகமாக்குவது எளிது. ரைபோசோமோ வளைந்து நெளியும் பெரும் பொருள். பெரும் பொருள் என்றால் செல்லின் அளவில்தான். 40,000 ரைபோசோம்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் வரும்! இதைப் படிகமாக்க முடியாது என்றே பலர் நினைத்தார்கள். இஸ்ரேல் நாட்டு அடா யோனாத் 1980இல் பெர்லினில் பெருந்துண்டின் படிகங்களை உண்டாக்கிக் காட்டினார். வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் ரைபோசோம் கட்டுக்கோப்பானது என்பதே அவர் பிடித்த சூட்சுமம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே வழிகாட்டி.

படிகம் கிடைத்தாலும் ஒரு சங்கடம் உண்டு. சிதறி வரும் எக்ஸ் கதிர்ப் புள்ளிகளின் ஒளியை அளக்கலாம். அந்த அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வந்தன என்பது பதிவாகாது. இதை அலையின் கட்டம் என்பர். கைலிக் கட்டத்தோடு குழப்பிக் கொள்ள வேண்டாம். கட்டம் தெரியாமல் படம் வராது. படிகத்தில் சில கன அணுக்களைப் புகுத்தி, அவை கதிரைச் சிதறடிக்கும் தனிப் போக்கைக் கொண்டு கட்டத்தைக் கணக்கிடலாம். இந்த வழியை வகுத்தவர்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் ஒருவர், அவரும் எஸ். இராமனும் 1956இல் இதுபற்றி எழுதினார்கள். நம் நாட்டில் இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

வெங்கட்ராமன் இந்தக் கலையைப் புரூக்ஹேவனிலும், 1991-92இல் விடுப்பில் சென்ற கேம்பிரிட்ஜிலும் கற்றார். முதலில் ரைபோசோமின் தனித்தனிப் புரதங்களைப் பார்த்தார். 1995இல் யூட்டா பல்கலைக்கழகம் சென்றபின், 30எஸ் துண்டு முழுவதையுமே பார்ப்பது என்று துணிந்தார். சுமார் 70 டிகிரி வெப்பத்தில் வளரும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார். ஆஸ்மியம் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் கட்டத்தைக் கண்டறியக் கை கொடுத்தன. எப்போது பலன் தரும் என்று சொல்ல முடியாத ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் பணம் கேட்டு நிற்க முடியாதல்லவா? குறைந்த சம்பளத்தை ஏற்று, 1999இல் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். அதே ஆண்டு மங்கலான முதல் படம். 2000 செப்டம்பரில் 3 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குத் தெளிவான படம். யோனாத்தின் குழுவும் அதே மாதம் 30எஸ் படத்தை வெளியிட்டது. தாமஸ் ஸ்டைட்ஸும் பீட்டர் மூரும் ஒரு மாதம் முந்திப் பெருந்துண்டை வெளியிட்டிருந்தார்கள். வெங்கட்ராமன், ஸ்டைட்ஸ், யோனாத் மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மூரைச் சேர்க்காதது பரிசு விதியின் குறை: மூவருக்கு மேல் தரமாட்டார்கள்.

விரல் வைத்துப் பார்க்கும் ஆர்.என்.ஏ.

அந்தப் படம் காட்டியது என்ன? பிழை பார்ப்பது புரதமாகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதைச் செய்வது 30எஸ் துண்டின் ஆர்.என்.ஏ.வே! அதன் 1492, 1493ஆம் இடங்களில் இரண்டு அடினைன்கள் உள்ளன. 530ஆம் இடத்தில் ஒரு குவானைன். தூதின் மூவெழுத்தும் கடத்து ஆர்.என்.ஏ.யின் எதிர் மூவெழுத்தும் சேர்ந்தவுடன், உள்ளே மடங்கியிருந்த அடினைன்கள் வெளியே புரண்டு வந்து அந்த இணையின் பள்ளத்தைத் தொடுகின்றன. குவானைனும் திரும்பி உதவுகிறது. இணை சரியானதானால் பள்ளத்தின் வடிவத்தில் இவை பொருந்தி அமரும், சிறு துண்டு முழுவதும் லேசாக மூடிக்கொள்ளும், வேலை தொடரும். தவறான இணையில் பள்ளத்தின் அளவு கோணலாகிவிடும், பொருத்தம் வராது, கடத்து ஆர்.என்.ஏ. கழன்றுவிடும். எந்த எழுத்து என்று ரைபோசோம் பார்ப்பதேயில்லை. இணையின் வடிவத்தைத்தான் பார்க்கிறது.

மருத்துவத்துக்கும் இங்கே பாடம் உண்டு. பாரமோமைசின் என்ற மருந்து பாக்டீரியாவின் ரைபோசோமில் சென்று ஒட்டி, அந்த இரு அடினைன்களையும் எப்போதும் வெளியே புரண்டபடி நிறுத்திவிடுகிறது. காவலர் வாயிலைத் திறந்தே வைத்தது போலாகிறது. பிழையான அமினோ அமிலங்கள் நுழைந்துவிடுகின்றன. மருந்து ஒட்டும் அவ்விடத்தில், 1408ஆம் எழுத்து பாக்டீரியாவில் அடினைன். மனித செல்லின் ரைபோசோமில் அதற்கு நேரான எழுத்து குவானைன். நம்முடையதில் மருந்து எளிதில் ஒட்டாததற்கு இந்த ஒரெழுத்து முக்கியக் காரணம். காசநோய்க்குக் கொடுக்கப்பட்டு வந்த ஸ்ட்ரெப்டோமைசினும் பக்கத்திலேயே ஒட்டுகிறது. அங்குள்ள எஸ்12 புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், காசநோய்க் கிருமி அந்த மருந்துக்கு மசியாது.

இன்னொரு பழைய புதிரும் இதனால் விளங்கிற்று. அடினைன்களும் குவானைனும் முதல் இரண்டு எழுத்து இணைகளையே கண்டிப்பாகச் சோதிக்கின்றன. மூன்றாவதைச் சற்று விட்டுக்கொடுக்கின்றன. மூன்றாம் எழுத்தில் தளர்ச்சி உண்டு என்று 1966இல் பிரான்சிஸ் கிரிக் ஊகித்திருந்தார். உங்கள் உயிரியல் நூலில் உள்ள மரபுக் குறியீட்டு அட்டவணையை எடுங்கள். ஹர் கோவிந்த் கொரானாவும் நிரென்பர்கும் பிறரும் 1960களில் கண்டுபிடித்த அட்டவணைதான் அது. முதல் இரண்டு எழுத்துகளைக் கொண்டு 64 மூவெழுத்துகளையும் 16 கட்டங்களாகப் பிரியுங்கள். அவற்றில் 8 கட்டங்களில் மூன்றாவது எழுத்து எதுவாயினும் அமினோ அமிலம் மாறுவதில்லை. எந்த எட்டு என்று தேடிப் பாருங்கள். குவானைன், சைட்டோசின் இரண்டும் அவற்றின் முதல் இரு எழுத்துகளில் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.