வரி வாரியத்தின் பெயரால் வரும் போலி மின்னஞ்சல்கள்

கோத்தா திங்கி வட்டாரத் தோட்டமொன்றில், காலைப் பெரட்டு முடிந்து பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளி ஒருவரின் கைப்பேசிக்கு மின்னஞ்சல் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். “தங்களுக்கு 850 வெள்ளி வருமான வரி திருப்பித் தரப்படும்; இன்று மாலைக்குள் கீழுள்ள இணைப்பை அழுத்தி வங்கி விவரங்களைப் பதியவும்” என்று அதில் கண்டிருக்கிறது. மேலே உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் சின்னமும் உள்ளது. நம்பத்தான் தோன்றும்.

நாம் முதலில் கேட்க வேண்டியது, வரி கட்டினோமா என்பதே. கட்டாத வரி எவ்வாறு திரும்பி வரும்? ஊழியர் சேமநிதிச் சந்தா போக, ஆண்டுக்கு 34,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் பெறுவோரே வரிக் கோப்பு திறத்தல் வேண்டும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளிதான். வரி கட்டியவருக்கும் வாரியம், அவர் தமது வரிப் பாரத்தில் குறித்த வங்கிக் கணக்கிலேயே பணத்தைச் சேர்த்துவிடும். கடவுச்சொல்லையோ வங்கி அட்டையின் எண்ணையோ கேட்பதில்லை.

வரி என்றால் அலட்சியம் செய்யும் நம்மவர், உதவித்தொகை என்றால் சற்று அயர்ந்துவிடுவதுண்டு. ரஹ்மா ரொக்க உதவி விண்ணப்பங்களையும் இதே வாரியம் கவனிப்பதால், அதன் பெயராலும் தூண்டில் வீசப்படுகிறது. அனுப்பியவரின் முகவரியை இறுதியிலிருந்து படித்துப் பார்த்தல் நலம். வாரியத்தின் முகவரி ‘ஹாசில்.ஜிஓவி.எம்ஒய்’ என்று முடியும். ‘ஹாசில்-ஜிஓவி.காம்’ என்றிருப்பின், அரசாங்கப் பெயரைத் தாங்கியிருப்பினும் அது அரசாங்கத்தினுடையதன்று. முகவரி சரியாகத் தோன்றினும் அதனையும் போலியாகக் காட்ட இயலும். ஆகவே இணைப்பை அழுத்தாமல், வாரியத்தின் இணையத்தளத்திற்கு நாமே சென்று பார்ப்பதே பாதுகாப்பானது. கைப்பேசியில் புதிய செயலியை ஏற்றச் சொல்லும் கோப்பு இன்னும் கொடியது. வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைக்கூட அது களவாடிவிடும்.

முற்காலத்தில் அரசாங்கக் கடிதம் வந்தால் கிராணியாரிடம் காட்டிக் கேட்பது தோட்டத்து வழக்கம். இப்பொழுது வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் காட்டலாம். அதில் வெட்கம் எதற்கு?

சந்தேகமிருப்பின் 03-8911 1000 என்ற எண்ணில் வாரியத்திடமே கேட்கலாம். விவரங்களைக் கொடுத்துவிட்டவரோ பொழுது போக்காமல் வங்கியின் அவசர எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போய்விட்டிருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் அழைத்தல் வேண்டும். மோசடிக்காரர் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவதற்கு முன்னர் சொன்னால்தான் அதைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. ஆகையால், மாலையில் வேலை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருத்தல் ஆகாது. அதன்பின் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். கோபத்தில் அந்த மின்னஞ்சலை அழித்துவிடாமல், கைப்பேசியோடு எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.