ஐம்பது ரூபாய்க்காக ஆயிரம்

களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக இடம் மாறிய லக்கல - பல்லேகமவில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே போனில் பந்தயம் கட்டிவிடலாம். அந்தக் காலத்து ரேஸ் புக்கிக்குப் போனவர்கள் இங்கிலாந்துக் குதிரைகளின் பெயர்களையாவது மனப்பாடம் செய்தார்கள். இப்போது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும் கைக்குள் வந்துவிட்டது. ஆட்டத்தையே பார்த்திராதவரும் "பேவரிட்டில் போடு, காசு எங்கும் போகாது" என்கிறார்.

நம்பிக்கை: பெரிய டீம் தோற்காது.

2022 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை, அடுத்த மாதம் 16ஆம் திகதி ஜீலோங்கில் நமீபியாவிடம் 55 ஓட்டங்களால் தோற்றது. அது கிரிக்கெட், அப்படித்தான் என்பீர்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் மார்ச் மாத ஆண்கள் கூடைப்பந்துத் தொடரில் முதல்தர வரிசை அணி 16ஆம் வரிசை அணியைச் சந்தித்த 135 ஆட்டங்களிலும் முதல்தர அணியே வென்றிருந்தது. 136ஆவது ஆட்டம் 2018 மார்ச் 16இல், வர்ஜீனியாவுக்கும் மேரிலண்ட் பால்டிமோர் கவுண்டிக்கும். இடைவேளையில் 21க்கு 21. முடிவில் 54க்கு 74, தோற்றது வர்ஜீனியா. அதே வர்ஜீனியா மறு ஆண்டு சம்பியன் ஆனது. அணி மோசமில்லை, அன்றைய இரவு மோசம்.

நம்பிக்கை: லாபம் சின்னதுதான், ஆனால் வங்கி வட்டி போல நிச்சயம்.

இங்கேதான் கணக்கு போட வேண்டும். விகிதம் 1.05 என்றால் 1000 ரூபாய் கட்டி வென்றவருக்கு 1050 வரும். லாபம் 50. ஒரு தோல்வி 20 வெற்றிகளைத் தின்றுவிடும். நூற்றுக்கு 95க்கு மேல் வென்றால்தான் போட்ட முதலே திரும்பும். நூற்றுக்கு 93 தடவை வெல்லும் பலசாலி அணியை நம்பியவரும் நட்டத்தில்தான் முடிப்பார். 1.05 நியாயமான விகிதம் என்றால் எதிரணிக்கு 21 மடங்கு தர வேண்டும். புக்கி எழுதுவதோ பத்தோ பன்னிரண்டோ. அந்த இடைவெளிதான் அவர் பிழைப்பு.

ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: குதிரைப் பந்தயத்தில், வெல்வது அரிதான குதிரைமீது கட்டுவோரைவிடப் பேவரிட்டில் கட்டுவோர் குறைவாக இழக்கிறார்கள் என்பது 1949இலிருந்தே ஆய்வுகளில் உள்ள விஷயம். குறைவாக, அவ்வளவுதான்.

ஐந்து பேவரிட்களை ஒரே சீட்டில் கோத்தால்? ஒவ்வொன்றும் நூற்றுக்கு 90 வெல்லும் என்றாலும், ஐந்தும் சேர்ந்து வெல்வது நூற்றுக்கு 59தான்.

நம்பிக்கை: பேவரிட் வென்றால் நாமும் வென்றோம்.

கூடைப்பந்தில் பெரும்பாலும் கேட்கப்படுவது புள்ளி வித்தியாசம். அன்று வர்ஜீனியாவுக்கு இருபதரைப் புள்ளி போட்டிருந்தார்கள்; அதாவது 21 புள்ளியில் வென்றால்தான் காசு. இதில் மோசடிக்கும் வழியுண்டு. நியூயோர்க் சிட்டி கல்லூரி 1950இல் இரண்டு தேசியத் தொடர்களையும் ஒரே பருவத்தில் வென்றது. மறு ஆண்டு அதன் ஆட்டக்காரர்கள், வித்தியாசத்தைக் குறைக்கச் சூதாடிகளிடம் பணம் வாங்கியதாகக் கைதானார்கள்.

மோசடியே இல்லாவிட்டாலும் இதே கதை நடக்கலாம். கடைசி இரண்டு நிமிடம், 18 புள்ளி முன்னிலை. பயிற்சியாளர் முதல் ஐவரையும் வெளியே அழைத்து உட்காரவைக்கிறார், பெஞ்சில் இருந்த பையன்கள் பந்தைத் தட்டி நேரத்தைக் கடத்துகிறார்கள். அவருக்கு வெற்றி போதும். 21 என்ற எண் அவர் கணக்கிலேயே இல்லை.