நடுநிலை வகுப்புகளில் சமூக அறிவியல்: பாடநூலும் பஞ்சாயத்தும்

ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க வகை செய்யும் சட்டம் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் அளிக்கும் உறுதி எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதன் பின்னர் பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லும் சிறுவர் சிறுமியர் இன்றும் உள்ளனர். வாக்குரிமை, ஊராட்சி, கூலி, நீதிமன்றம் ஆகியவற்றைப் பற்றி அவர்களுக்கு முறையாகக் கற்பிப்பதற்கு அரசுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு, நடுநிலை வகுப்புகளின் சமூக அறிவியல் பாடவேளையே ஆகும். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஒதுக்கியது போக எஞ்சிய நேரத்தில் இப்பாடத்தை வைக்கும் பள்ளிகள் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53ஆம் ஆண்டில் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, வரலாறு, புவியியல், பொருளியல், குடிமையியல் ஆகியவற்றைத் தொடர்பற்ற செய்தித் தொகுதிகளாகக் கற்பிக்காமல், மாணவன் தன் சமூகச் சூழலைப் புரிந்துகொள்ள உதவும் ஒரே பாடமாகக் கருத வேண்டும் என வற்புறுத்தியது. பெயர் ஏற்கப்பட்டது. எனினும் பெரும்பாலான பள்ளிகளில் பழைய பாடங்களே புதிய பெயரின் கீழ் தொடர்ந்தன. இவற்றுள் மிகவும் நலிந்தது குடிமையியலாகும். அந்நியர் ஆட்சியில் விசுவாசமுள்ள பிரஜைகளை உருவாக்கும் நோக்கத்தோடு தோன்றிய அப்பாடம், விடுதலைக்குப் பின்னரும் அலுவலர்களின் பெயர்களையும் கடமைகளையும் வரிசைப்படுத்துவதிலேயே காலம் கழித்தது.

இதன் விளைவு யாது? கிராம சபையில் ஊர் மக்கள் கூடித் திட்டங்களை விவாதிப்பர் என்று பாடநூல் கூறுகிறது. தன் ஊரில் அவ்வாறு ஒரு கூட்டம் நடந்ததை மாணவன் கண்டதில்லை. தீண்டாமை ஒழிக்கப்பட்டுவிட்டது என்று படிக்கிறான். மாலையில் கைப்பம்பின் அருகே யார் முதலில் நீர் பிடிக்கிறார், யார் விலகி நிற்கிறார் என்பதைப் பார்க்கிறான். புத்தகம் பொய் சொல்கிறது என்றோ, புத்தகத்திற்கும் தன் ஊருக்கும் தொடர்பில்லை என்றோ அவன் முடிவு கட்டலாம். நன்றாகப் படிக்கும் மாணவன் பொதுவாக இரண்டாவது முடிவை ஏற்று, தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுவிடுகிறான். அரசியல் சட்டத்திற்கு இதனால் நேரும் இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை.

ஹோஷங்காபாத் முயற்சி

இந்த இடைவெளியை நேரடியாக எதிர்கொண்ட முயற்சி ஒன்று மத்தியப் பிரதேசத்தில் நடைபெற்றது. இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் செயல்வழி அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. இப்பணியைத் தொடர்வதற்காக 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம், மாநில அரசின் அனுமதியுடன் 1986ஆம் ஆண்டு முதல் சில அரசுப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குரிய புதிய சமூக அறிவியல் நூல்களைச் சோதனை முறையில் அறிமுகப்படுத்தியது.

வறண்ட இலக்கணங்களுக்கு மாறாக இந்நூல்கள் மனிதர்களின் வாழ்க்கையைக் கொண்டு தொடங்கின. சமவெளி, பீடபூமி, மலைப்பகுதி ஆகியவற்றைச் சேர்ந்த கிராமங்களை ஒப்பிட்டு, மண்ணும் நீரும் பயிரையும் கூலியையும் எவ்வாறு மாற்றுகின்றன என்று மாணவர்கள் காண வகை செய்யப்பட்டது. நர்மதைக் கரையின் கரிசல் மண்ணையும் சாத்பூரா மலைச்சரிவையும் அருகருகே கொண்ட மாவட்டத்திற்கு இதனைவிடப் பொருத்தமான பாடம் அமைவது அரிது. பஞ்சாயத்து குறித்த பாடமும் அவ்வாறே: கிணறு எங்கே தோண்டுவது என்ற தகராறு, பணம் வந்து சேராத நிலை, செல்வாக்குள்ளவர் தலையீடு ஆகிய நடைமுறைச் சிக்கல்களை மறைக்காமல் பேசுவதே நோக்கமாக இருந்தது.

பாடநூலை மட்டும் மாற்றித் தேர்வை மாற்றாவிடில் பயனில்லை என்பதை இத்திட்டத்தினர் உணர்ந்திருந்தனர். எனவே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு முறை கொண்டுவரப்பட்டது. ஒப்பிடுதல், வரைபடத்தை வாசித்தல், காரணம் கூறுதல் ஆகியவற்றைக் கோரும் வினாக்களுக்குப் புத்தகத்தில் ஆயத்தமான விடை இராது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தடுமாறி வாசிக்கும் குழந்தைக்குப் புத்தகம் கையில் இருந்தாலும் உரிய பக்கத்தைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகும். மொழிப் பாடத்தின் பலவீனம் இங்கே வெளிப்பட்டுவிடும்.

2002ஆம் ஆண்டில் மாநில அரசு இத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. எனினும் அதன் அனுபவம் வீணாகவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து, குடிமையியலுக்குப் பதிலாகச் ‘சமூக, அரசியல் வாழ்க்கை’ நூல்களைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2006 முதல் வெளியிட்டது. அவற்றுள் ஏழாம் வகுப்பு நூலில் ஒரு சட்டையின் கதை இடம்பெற்றது: கர்நூலில் வணிகரிடம் கடன்பட்டுப் பருத்தியை அவரிடமே விற்கும் பெண் விவசாயி, ஈரோட்டுத் துணிச் சந்தை, விசைத்தறி நெசவாளர், தில்லி அருகிலுள்ள ஏற்றுமதித் தொழிற்சாலை, இறுதியில் அமெரிக்கக் கடையில் 26 டாலர் விலைச்சீட்டு. தேவை, அளிப்பு பற்றிய இலக்கணங்கள் பல சேர்ந்தும் கற்பிக்க இயலாததை இந்த ஒரு சங்கிலி கற்பிக்கிறது.

வகுப்பறையில் எழும் கேள்வி

இத்தகைய பாடத்திற்குச் செலவு மிகுந்த கருவிகள் தேவையில்லை. நியாய விலைக் கடையையே எடுத்துக்கொள்ளலாம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் நபர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. அந்த்யோதயா குடும்பத்திற்கு, உறுப்பினர் எத்தனை பேராயினும், 35 கிலோ. எட்டாம் வகுப்பு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். எட்டுப் பேர் கொண்ட முன்னுரிமைக் குடும்பம் 40 கிலோ பெறும். அதே அளவுள்ள, அதனினும் வறிய அந்த்யோதயா குடும்பம் 35 கிலோவே பெறும். மூன்று பேர் கொண்ட குடும்பங்களில் நிலைமை தலைகீழாகிறது: ஒன்றுக்கு 15 கிலோ, மற்றதற்கு 35 கிலோ. விதி வகுத்தோர் ஏன் இவ்வாறு வகுத்தனர், வேறு எவ்வாறு வகுக்கலாம் என்னும் விவாதம் ஒரு பாடவேளையில் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. குடும்ப அட்டையின் வகையை வகுப்பில் வெளிப்படையாகக் கேட்டு எந்தக் குழந்தையையும் கூசச் செய்யாதிருப்பது மட்டும் ஆசிரியரின் பொறுப்பு. கற்பனைக் குடும்பங்களே போதும்.

கடினமான கட்டம் வேறிடத்தில் உள்ளது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. இதனைக் கற்பிக்கும்போது, “எங்கள் ஊரில் சர்பஞ்ச் அம்மாவின் கணவர்தானே கூட்டம் நடத்துகிறார்?” என்று ஒரு சிறுமி எழுந்து கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? அவர் அரசு ஊழியர். அதே ஊரில் வாழ்பவர். பள்ளிச் சுவருக்கும் குடிநீருக்கும் அந்தப் பஞ்சாயத்தை நாட வேண்டியவர். பெரும்பாலும் அடுத்த பத்தியை வாசிக்கச் சொல்லிவிடுவார். அவரைக் குறை கூறுவது எளிது.

அக்கேள்வி அரசுக்கு எதிரானதன்று என்பதை ஆசிரியருக்கு முன்கூட்டியே தெளிவாக்க வேண்டியவர்கள் கல்வி அலுவலர்களே. சிறுமி சட்டத்தை அளவுகோலாகக் கொண்டு நடைமுறையை அளக்கிறாள். பாடத்தின் நோக்கமும் அதுவே. ஆசிரியர் எவர் பெயரையும் இழுக்காமல், சட்டம் யாருக்கு அதிகாரம் அளிக்கிறது, பெண் தலைவர் தாமே கூட்டம் நடத்தத் தடையாக இருப்பவை எவை, ஊரார் என்ன செய்யலாம் என்ற வழியில் விவாதத்தைக் கொண்டு செல்லலாம். தலைவியையே வகுப்புக்கு அழைத்து, மாணவர்கள் அவரிடம் கேள்வி கேட்க ஏற்பாடு செய்வது இன்னும் நன்று. கணவர் உடன் வந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி போடலாம்; விடையளிக்க வேண்டியவர் தலைவியே.

2024இல் ஆறாம் வகுப்புக்கும் 2025இல் ஏழாம் வகுப்புக்கும் வெளிவந்த தேசியப் பாடநூல்கள், வரலாறு, புவியியல், ஆட்சிமுறை, பொருளியல் ஆகியவற்றை மீண்டும் ஒரே நூலில் இணைத்துள்ளன. முதலியார் குழுவின் பழைய விருப்பம் வடிவத்திலாவது நிறைவேறியிருக்கிறது. ஆண்டு இறுதியில் வினாத்தாள் தயாரிப்போர், ‘சர்பஞ்சின் கடமைகள் ஐந்தினைக் கூறுக’ என்றே கேட்கப் போகிறார்களா, அல்லது நிதி குறைந்த ஒரு பஞ்சாயத்தின் வரவு செலவைக் கொடுத்து, கிணறா சாலையா என முடிவு செய்து காரணம் எழுதச் சொல்லப் போகிறார்களா என்பதை மாவட்டக் கல்வி அலுவலகங்கள் இப்போதே தீர்மானிக்க வேண்டியுள்ளது. ஆசிரியர் ஜூன் மாதத்தில் எதைக் கற்பிக்கத் தொடங்குகிறார் என்பது பெரிதும் அந்த வினாத்தாளைப் பொறுத்தே அமைகிறது.